பஸ்ஸரை அழுத்தாத வரை எல்லாம் தெரியும்

மூன்று மாதமாக நோட்டில் நான் எழுதி வைத்திருந்த கணக்கு பொய் என்று ஒரு பொத்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பொத்தானைச் செய்தவனும் நான்தான்.

நான் பார்ப்பது ஜெபர்டி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1964 மார்ச் 30 அன்று தொடங்கிய வினாடி வினா. நடுவில் சில வருடம் நின்றுபோய், 1984இல் அலெக்ஸ் ட்ரெபெக் தொகுத்து வழங்க மறுபடி கிளம்பியது. அவர் 2020இல் காலமான பிறகும் நிற்கவில்லை. பலகையில் ஆறு தலைப்பு, தலைப்புக்கு ஐந்து குறிப்பு. முதல் சுற்றில் 200 முதல் 1000 டாலர், இரண்டாம் சுற்றில் 400 முதல் 2000 டாலர். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு குறிப்பு, அதற்கு முப்பது நொடி. ஆக ஒரு ஆட்டத்துக்கு 61 குறிப்பு. இங்கே கேள்வியைக் கேட்டுப் பதிலை வாங்குவதில்லை. குறிப்பைக் கொடுத்துக் கேள்வியை வாங்குவார்கள்: ‘அது யார்?’, ‘அது எது?’ என்கிற வடிவத்தில்தான் சொல்ல வேண்டும். மூன்று போட்டியாளர்களில் யார் தன் பஸ்ஸரை, அதாவது கையில் இருக்கும் பொத்தானை, முதலில் அழுத்துகிறாரோ அவருக்குத்தான் சொல்லும் வாய்ப்பு.

வீட்டிலிருந்து ஆடுகிறவர்கள் தங்களை அளந்துகொள்ள ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கார்ல் கோரியட் என்ற முன்னாள் போட்டியாளரின் பெயரால் அதற்குக் கோரியட் மதிப்பெண் என்று பெயர். சரியாகச் சொன்னால் அந்தக் கட்டத்தின் தொகையைக் கூட்ட வேண்டும், தப்பாகச் சொன்னால் கழிக்க வேண்டும், வாயைத் திறக்கவில்லை என்றால் பூஜ்யம். பந்தயம் கட்டுகிற டெய்லி டபுள் கட்டங்களில் பந்தயத்தை விட்டுவிட்டு அசல் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே தப்பினால் கழிவில்லை. கடைசிக் குறிப்பு கணக்கிலேயே வராது. பலகை முழுவதையும் துடைத்து எடுத்தால் 54,000. நான் நோட்டில் கட்டம் போட்டு, பதிவு செய்து வைத்த பகுதிகளைப் பார்த்து, தினமும் 22,000, 24,000 என்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு நாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கட்டத்தில் டிக் போடுவதைப் பார்த்துவிட்டு, “அப்பா, அவங்க சொன்னதுக்கு அப்புறம்தானே நீங்க சொன்னீங்க?” என்றாள்.

“இல்லம்மா, எனக்கு முன்னாடியே தெரியும். வாய்ல வர்றதுக்குள்ள அவங்க சொல்லிட்டாங்க.”

“எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்றீங்க.”

அன்று ராத்திரிதான் பஸ்ஸர் செய்வது என்று முடிவு செய்தேன். அழுத்தாமல் சொன்ன பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. விஷயம் அவ்வளவுதான், ஆனால் அதைச் செய்து முடிக்க ஏழு வாரம் ஆனது.

எதைச் செய்வது என்று முடிவு செய்தது

வெறும் மணி போதாது என்பது முதலிலேயே தெரிந்தது. ஜெபர்டியில் நினைத்த நேரத்தில் அழுத்த முடியாது. ஆரம்ப காலத்தில் குறிப்பு திரையில் வந்தவுடனே யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று இருந்தது. 1985இல் அதை மாற்றி, தொகுப்பாளர் குறிப்பைப் படித்து முடிக்கும் வரை பொத்தான்கள் பூட்டியிருக்கும் என்று ஆக்கினார்கள். கைவேகம் உள்ள ஒருவரே ஆட்டத்தைக் கொண்டுபோகாமல் இருக்க ஒன்று. வீட்டில் பார்க்கிறவர்களும் குறிப்பை முழுதாகக் கேட்டு ஆட முடியட்டும் என்பது இன்னொன்று. சோபாவில் இருக்கிற என்னை நினைத்தும் ஒரு விதி போட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தபோது, இத்தனை நாள் செய்த டிக் எல்லாம் கொஞ்சம் உறுத்தியது.

படித்து முடித்ததும் மேடைக்கு வெளியே இருக்கும் ஒரு ஆள் பூட்டைத் திறக்கிறார். பலகையின் இரண்டு பக்கமும் விளக்கு எரியும். அதற்கு முன் அழுத்தினால் கால் நொடி அந்தப் பொத்தான் செத்துப்போகும். கால் நொடி என்றால் சும்மா இல்லை, அதற்குள் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். சரியாக அழுத்தியவருக்கு ஐந்து நொடி. அவர் முன்னால் இருக்கும் விளக்கு வரிசை இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி அணைந்துகொண்டே வரும்.

எனக்கு வேண்டியது இவ்வளவும்: மூன்று பொத்தான், நடத்துபவருக்கு ஒரு திறப்புப் பொத்தான், டிவியின் இரு பக்கமும் விளக்கு, கால் நொடித் தண்டனை, ஐந்து நொடி இறங்குமுகம்.

மேஜை டிராயரில் ஒரு ஆர்டுயினோ ஊனோ தூங்கிக்கொண்டிருந்தது; நாமே கோட் (நிரல்) எழுதி ஓட்டக்கூடிய சில்லு வைத்த சின்னப் பலகை, ஒயர் மாட்ட எண் போட்ட பின்கள் இருக்கும். ஆடுகிறவர்களின் பொத்தான்களை 4, 5, 6 பின்களிலும், திறப்புப் பொத்தானை 7லும் வைத்தேன். நான்கும் ஒரே போர்ட்டில், அதாவது சில்லு சேர்த்து வைத்திருக்கும் ஒரே பின் கூட்டத்தில், இருக்க வேண்டும் என்பது அப்போது யோசித்துச் செய்ததில்லை, வரிசையாக இருந்ததால் வைத்தேன். பின்னால் அதுவே என்னைக் காப்பாற்றியது. டிவி ஓரத்து விளக்குகள் இரண்டும் வெள்ளை எல்இடி, ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் ரெசிஸ்டர், இரண்டும் 8ஆம் பின்னில். இறங்குமுகத்துக்கு ஐந்து சிவப்பு எல்இடி, அனலாக் பின்களில். சத்தத்துக்கு ஒரு பீசோ தகடு, டோன் கட்டளை கொடுத்தால் கீச்சென்று கத்தும். நிகழ்ச்சியில் பொத்தான் சத்தமே போடாது, விளக்கு மட்டும்தான். ஆனால் கத்தாத பஸ்ஸரை வீட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

கையில் பிடிக்கிற பகுதிக்குத் தீர்ந்துபோன தடிமனான மார்க்கர் பேனா. உள்ளே இருப்பதை உருவி எடுத்துவிட்டு, பின்பக்க மூடியில் ஓட்டை போட்டு, பெருவிரல் படுகிற மாதிரி டாக்ட் சுவிட்ச் என்கிற சின்ன அழுத்துபொத்தானை ஒட்டினேன். முதல் வாரத்திலேயே இரண்டு பேனாவில் ஒயர் பிய்த்துக்கொண்டது, சால்டர் வைத்த இடத்திலேயே. அழுத்துகிற வேகத்தில் கையும் சேர்ந்து இழுக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஒயரைப் பேனாவுக்குள்ளேயே ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சு ஓட்டையில் மாட்டுகிற மாதிரி வைத்த பிறகு இன்றுவரை அறுந்ததில்லை. இழுப்பு முடிச்சோடு நின்றுவிடுகிறது, சால்டர் வரை போவதில்லை.

“உன் கோட், நீயே ஜெயிக்கிற”

முதல் ஆட்டத்துக்கு அண்ணன் வந்திருந்தார். மகள் நடத்துபவர். ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் திறப்புப் பொத்தான்; குறிப்பின் கடைசி வார்த்தையில் டிவியை நிறுத்திவிட்டு பூட்டைத் திறக்க வேண்டும். இரண்டு சுற்று ஆடினோம். நெருக்கமாக அழுத்திய இடமெல்லாம் எனக்கே விளக்கு எரிந்தது.

“டேய், இது உன் கோட், நீயே ஜெயிக்கிற,” என்றார் அண்ணன்.

சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே ஒரு சுவிட்சை எடுத்து, அதன் ஒரு காலை 4ஆம் பின்னுக்கும் 5ஆம் பின்னுக்கும் சேர்த்துக் கொடுத்து, மறு காலைக் கிரவுண்டில் வைத்தேன். ஒரு அழுத்தில் இரண்டு பேரும் ஒரே கணத்தில் அழுத்திய மாதிரி ஆகிவிடும். இருபது தடவை அழுத்தினேன். இருபதும் எனக்கு. பஸ்ஸர் செய்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், நான் கடைசியில் செய்தேன்.

காரணம் சாதாரணமானது. கோட் முதலில் 4ஐப் படிக்கிறது, அது அழுத்தியிருந்தால் அதோடு முடிந்தது. 4 என்னுடையது. இரண்டு பின்களைப் படிக்க ஆகிற இடைவெளி சில மைக்ரோ நொடிதான், மனிதக் கையில் அது தெரியாது. ஆனால் விளக்கு சிமிட்டுவதற்காக, கோட் திரும்பத் திரும்ப ஓடுகிற லூப்பின் கடைசியில் நானே ஐம்பது மில்லி நொடி டிலே ஒன்று, அதாவது சும்மா காத்திருக்கும் கட்டளை, போட்டு வைத்திருந்தேன். அந்த ஐம்பதுக்குள் அண்ணன் முன்னால் அழுத்தி நான் பின்னால் அழுத்தினாலும், தூங்கி எழுந்த சில்லு இரண்டையும் சேர்த்தே பார்க்கும். பார்த்தவுடன் என் பெயரைச் சொல்லும். ஐம்பது மில்லி நொடி என்பது இந்த ஆட்டத்தில் பெரிய தூரம்.

டிலேயை எடுத்துவிட்டு, விளக்கு சிமிட்டலை, காத்திருக்காமல் நேரத்தை மட்டும் பார்க்கிற மில்லிஸ் கணக்கில் மாற்றினேன். பின்களை ஒவ்வொன்றாகப் படிப்பதையும் விட்டுவிட்டேன். ஊனோவில் 0 முதல் 7 வரை எட்டு பின்களும் ஒரே போர்ட், அதன் நிலையை ஒரே வாசிப்பில் எடுத்துவிடலாம். இரண்டு பிட்டும் ஒரே வாசிப்பில் விழுந்திருந்தால் அது உண்மையான சமம். அப்போது போன சமத்தில் தோற்றவருக்குக் கொடு என்று எழுதினேன். மறுபடி அதே ஒற்றை சுவிட்ச் சோதனை: மாறி மாறிப் பத்துக்குப் பத்து. அண்ணனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். “அப்ப அன்னைக்கு ஜெயிச்சது நான்தான்னு எழுதி வை,” என்றார். எழுதவில்லை.

கால் நொடி ஏன் கால் நொடியாக இல்லை

அவசரப்பட்டு அழுத்தினால் 250 மில்லி நொடி பூட்டு என்று எழுதியிருந்தேன். ஆனால் அழுத்திப் பார்த்தால் அதைவிட நீளமாக உணர முடிந்தது. பலகை அனுப்புவதைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரில் நேரத்தை அச்சடிக்க வைத்தேன். 340, 362, 355. கட்டளையில் 250 என்றுதான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. கோட் பூட்டு நேரத்தைத் தப்பாக எண்ணுகிறது என்று அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில், ஒவ்வொரு அழுத்தையும் எண்ணி அச்சடித்தபோதுதான் தெரிந்தது, நான் ஒரு தடவை அழுத்தினால் அது நான்கு, ஐந்து என்று எண்ணுகிறது. சுவிட்சின் உள்ளே இருக்கும் தகடு ஒட்டும்போதும் பிரியும்போதும் சில மில்லி நொடி துள்ளும். அழுத்தும்போது துள்ளுவதால் நஷ்டம் இல்லை, பூட்டு ஒன்றிரண்டு மில்லி நொடி தள்ளிப்போகும். விரலை எடுக்கும்போது துள்ளுவதுதான் வினை. பொத்தானைச் சுமார் நூறு மில்லி நொடி பிடித்துவிட்டு விடுகிறோம்; விடும்போது வருகிற துள்ளலைச் சில்லு புது அழுத்து என்று நினைத்து, அங்கிருந்து இன்னொரு 250ஐ ஆரம்பிக்கிறது. 100 கூட்டல் 250. 350 எங்கிருந்து வந்தது என்று அப்புறம் கேட்கவே வேண்டாம்.

ஒரு மாற்றம் வந்த பிறகு இருபது மில்லி நொடிக்கு வேறு எதையும் கண்டுகொள்ளாதே என்று சேர்த்தேன், சரியாகிவிட்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துள்ளலைத் தடுக்கிறேன் என்று, இருபது மில்லி நொடி நிலையாக இருந்தால்தான் அழுத்தியதாக ஏற்பேன் என்று பலர் எழுதுவார்கள். பஸ்ஸருக்கு அது கூடாது. ஜெயித்தவரை முடிவு செய்வது முதல் தொடுதல். அதை உடனே ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு வருவதை மட்டும்தான் கண்டுகொள்ளாமல் விட வேண்டும்.

இதற்கு நடுவில் பேய் அழுத்தல் வேறு. யாரும் தொடாமலே விளக்கு எரியும், பெரும்பாலும் யாராவது மின்விசிறி சுவிட்சைப் போடும்போது. பேனாவிலிருந்து பெட்டி வரை நான்கு மீட்டர் பழைய டெலிபோன் ஒயர் ஓடுகிறது, அது ஆன்டெனா மாதிரி வேலை செய்கிறது. அழுத்தாதபோது வரியை மேலே இழுத்துப் பிடிக்க சில்லுக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, அவ்வளவு நீள ஒயருக்கு அது பலவீனம். வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் மூன்று வரிக்கும் வைத்தேன். பேய் போனது.

முதல் உண்மையான மதிப்பெண்

நான்காவது வாரம் பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. தனியாக உட்கார்ந்து, மகளை நடத்தச் சொல்லி, கோரியட் கணக்கை முதல் தடவையாக நேர்மையாகப் போட்டேன். 9,800.

நோட்டில் அதற்கு முந்தைய பக்கத்தில் 23,600 இருந்தது. அடுத்த நாள் 12,400. அதற்கு அடுத்த நாள் 8,200. பதிமூன்றாயிரம் எங்கே போனது என்று பார்க்க, அழுத்தாமல் விட்டவை, அழுத்தித் தப்பியவை எல்லாவற்றையும் தனியாக எழுத ஆரம்பித்தேன். குறிப்புக்குப் பக்கத்தில் மூன்றில் ஒரு எழுத்து. ‘தெ’ என்றால் தெரியவே தெரியாது. ‘நா’ என்றால் தெரியும், நாக்கில் வரவில்லை. ‘நி’ என்றால் தெரியும் என்று நினைத்தேன்.

‘நா’தான் அதிகம் இருக்கும் என்று நினைத்தேன்; என் பெருமை அதை நம்பித்தான் இருந்தது. அப்படி இல்லை. ‘நி’ நிரம்பி வழிந்தது. கடலை அடைய இரண்டு நாட்டு எல்லைகளைத் தாண்ட வேண்டிய நாடுகள் உலகில் இரண்டுதான், லிக்டென்ஸ்டைனும் உஸ்பெகிஸ்தானும். நான் முழு நம்பிக்கையோடு அழுத்தி மங்கோலியா என்றேன். மங்கோலியாவுக்குப் பக்கத்தில் இருப்பது ரஷ்யாவும் சீனாவும், இரண்டுக்கும் கடல் உண்டு. இதை யாராவது சொல்லி நான் கேட்டிருந்தால், ‘ஆமா, உஸ்பெகிஸ்தான், தெரியுமே’ என்று டிக் போட்டிருப்பேன். மூன்று மாதமாக நடந்தது அதுதான். சரியான பதிலைக் கேட்டவுடன் ‘ஆமா’ என்று தோன்றுவதை, எனக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய ஆட்களுக்கும் ‘நி’ உண்டு என்பதில் ஒரு ஆறுதல். 2004இல் கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்தார். அவர் தோற்ற ஆட்டம் அந்த வருடம் நவம்பர் 30 அன்று ஒளிபரப்பானது. கடைசிக் குறிப்பு ஒரு நிறுவனத்தைப் பற்றியது: வருடத்தில் நான்கு மாதம் மட்டும் வேலை செய்யும் எழுபதாயிரம் அலுவலக ஊழியர்கள். அவர் எழுதியது ஃபெட்எக்ஸ். விடை, வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் எச் அண்ட் ஆர் பிளாக். முப்பது நொடி இருந்தும் அவருக்கு அது வரவில்லை.

எழுத எழுத, குறிப்பைப் படிக்கிற விதமும் மாறியது. நீளமான வாக்கியத்தில் முதலில் தேட வேண்டியது ‘இந்த’ என்கிற சொல்லைத்தான். ‘இந்த நாடு’, ‘இந்த நாவலாசிரியர்’, ‘இந்த உலோகம்’ என்று, விடை என்ன வகை என்பதை அது சொல்லிவிடும், மீதியெல்லாம் அலங்காரம். அப்புறம் சில ஜோடிகள் திரும்பத் திரும்ப வரும். நார்வே நாடகாசிரியர் என்றால் இப்சன், நார்வே ஓவியர் என்றால் மூங்க், ஃபின்லாந்து இசையமைப்பாளர் என்றால் சிபேலியஸ். மணி அடித்தால் பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறியதை நினைத்து இவற்றைப் பாவ்லோவ் என்றே ரசிகர்கள் சொல்கிறார்கள். சிபேலியஸின் இசையை நான் கேட்டதில்லை. ஆனாலும் அவரால் எனக்கு 1200 டாலர் வந்திருக்கிறது. இது அறிவா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் நோட்டில் அதற்கு எழுத்து போட வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் நான் எதிர்பார்க்காதது. விதிப்படி விடையைக் கேள்வியாகச் சொல்ல வேண்டும், நாங்கள் தமிழில்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் கேள்விச்சொல் முன்னால் வருகிறது, அதனால் போட்டியாளர்கள் அதை இழுத்து இழுத்து அரை நொடி சம்பாதித்து, அதற்குள் பெயரைத் தேடிப் பிடிக்கிறார்கள். தமிழில் அது நடக்காது. ‘இப்சன் யார்?’ என்றால் இப்சன்தான் முதலில் வர வேண்டும். ‘யார்’ என்பதை எவ்வளவு இழுத்தும் பிரயோஜனமில்லை. ‘வந்து… அது… அவர் வந்து…’ என்று அண்ணன் ஆரம்பித்தார், மகள் செல்லாது என்று சொல்லிவிட்டாள்.

ரிமோட்டைப் பெட்டிக்குள் கொண்டுவந்தது

மகளின் புகார் நியாயமானது. இரண்டு கையிலும் இரண்டு பொத்தான், இரண்டையும் ஒரே கணத்தில் அழுத்த வேண்டும். ரிமோட் தாமதமானால் டிவியில் இருப்பவர் பதிலைச் சொல்லிவிடுகிறார். அதனால் திறப்புப் பொத்தானை அழுத்தினால் பெட்டியே டிவியை நிறுத்தட்டும் என்று, 3ஆம் பின்னில் டிரான்சிஸ்டர் வழியாக ஒரு அகச்சிவப்பு எல்இடி வைத்தேன். ரிமோட்டின் நிறுத்தக் குறியீட்டை ஒரு ரிசீவரில் பிடித்துப் படித்துக்கொண்டேன்.

கம்பைல் செய்தால் பிழை. ஒரே வெக்டர் 7 இரண்டு இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று கத்தியது. கோட்டில் நான் எங்கேயும் வெக்டர் என்று எழுதவில்லை. விஷயம் என்னவென்றால், ரிமோட்டுக்காக நான் சேர்த்த லைப்ரரியும் (வேறு யாரோ எழுதி வைத்த கோட்) சில்லுக்குள் இருக்கும் டைமர் 2ஐப் பிடிக்கிறது, பீசோவைக் கத்த வைக்கிற டோனும் அதே டைமர் 2ஐப் பிடிக்கிறது. டைமரைப் பிரித்துக் கொடுக்க வழி தேடுவதைவிட டோனையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. பீசோ தகட்டைக் கழற்றிவிட்டு, மின்சாரம் கொடுத்தாலே கத்துகிற ஆக்டிவ் பஸ்ஸரை வைத்தேன். அது சுமார் 30 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஊனோவின் பின்னுக்கு 20க்கு மேல் நல்லதில்லை. அதனால் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், பேஸில் ஒரு கிலோ ஓம். வேலை செய்தது.

உடனே பழைய நோய் திரும்பியது: சமங்கள் கூடிவிட்டன. இந்த முறை எனக்கு உடனே சந்தேகம் வந்தது. என்இசி என்கிற ரிமோட் குறியீட்டு முறையில் ஒரு குறியீட்டை அனுப்ப அறுபத்தெட்டு மில்லி நொடி ஆகும். அதுவரை சில்லு வேறு எதையும் பார்க்காது. விளக்கை ஏற்றிவிட்டுக் குறியீட்டை அனுப்பிக்கொண்டிருந்தேன். நல்ல கையுள்ளவர்கள் அழுத்துகிற அந்தச் சில கணத்தில் பெட்டி திரும்பி நின்று டிவியோடு பேசிக்கொண்டிருக்கிறது. வரிசையை மாற்றினேன்: முதலில் டிவியை நிறுத்து, முடிந்ததும் விளக்கு. விளக்கு எரியும் கணத்தில் எந்தப் பொத்தான் ஏற்கெனவே அழுந்தியிருக்கிறதோ அதற்குக் கால் நொடி.

விளக்கும் காதும்

பெட்டி நேரத்தை அச்சடிப்பதால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. விளக்கைப் பார்த்து அழுத்தினால் எனக்கு 260க்குக் கீழே வராது. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதர்களுக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லி நொடி ஆகும், அதற்கு மேல் பயிற்சி பெரிதாக உதவாது. அண்ணனுக்கோ 90, 110 என்று வரும். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 100 மில்லி நொடிக்குள் கிளம்பினால் அது கேட்டுக் கிளம்பியது இல்லை என்று தவறான தொடக்கமாக எடுத்துக்கொள்வார்கள். அவர் விளக்கைப் பார்ப்பதே இல்லை. தொகுப்பாளரின் குரல் கடைசி அசையில் இறங்குவதைக் கேட்டு, அது இறங்கி முடியும் இடத்தை ஊகித்து அழுத்துகிறார். நிகழ்ச்சியில் தொடர்ந்து ஜெயிக்கிறவர்கள் பலரும் செய்வது இதைத்தான். மூன்றில் ஒரு தடவை தண்டனையும் வாங்குவார், ஆனாலும் லாபம் அவருக்கே.

2011 பிப்ரவரி 14 முதல் 16 வரை ஐபிஎம்மின் வாட்சன் கணினி, ஜென்னிங்ஸோடும் பிராட் ரட்டரோடும் ஆடியதை இந்தக் கண்ணோடு இன்னொரு முறை பார்த்தேன். குறிப்பு அதற்கு எழுத்தாகவே போகிறது, பூட்டு திறந்ததும் மின் சமிக்ஞையாகப் போகிறது, ஒரு இயந்திர விரல் பொத்தானை அழுத்துகிறது. முடிவில் வாட்சன் 77,147 டாலர், ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600. ஆனால் முதல் ஆட்டத்தின் கடைசிக் குறிப்பு அமெரிக்க நகரங்கள் பற்றியது. பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப்போர் வீரரின் பெயர், இரண்டாவதுக்கு அதே போரில் நடந்த சண்டையின் பெயர். மனிதர்கள் இருவரும் சிகாகோ என்று எழுதினார்கள். வாட்சன் கனடாவில் இருக்கும் டொரண்டோவை எழுதியது, பின்னால் ஒரு வரிசை கேள்விக்குறியோடு. கடைசிக் குறிப்புக்குப் பொத்தான் கிடையாது, எல்லோரும் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது பெட்டியில் மூன்றாவது பேனா சும்மா இருக்கிறதே என்று மகளும் ஆட வந்துவிட்டாள். அப்போது யார் திறப்பது? அம்மாவிடம் கொடுத்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. “பேசி முடிச்சதும் அழுத்துங்க பாட்டி, அவ்வளவுதான்,” என்றாள் மகள்.

மகள் நடத்தியபோது குறிப்பின் முடிவுக்கும் திறப்புக்கும் நடுவில் இடைவெளி மாறிக்கொண்டே இருந்தது, சுவாரஸ்யமான குறிப்பு என்றால் அவளே யோசிக்கப் போய்விடுவாள். அதனால் அண்ணனின் ஊகம் சில நேரம் பலித்தது, சில நேரம் தண்டனை வாங்கியது. அம்மா வந்த பிறகு இடைவெளி கல் மாதிரி ஒரே அளவில் இருக்கிறது. சொல்வதைக் கேட்பதில்லை, குரல் எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் கேட்கிறார். அண்ணனுக்கு இப்போது தண்டனையே விழுவதில்லை. எனக்கும் நேற்று முதல் தடவையாக 140 வந்தது. விளக்கைப் பார்க்கவில்லை, அம்மாவின் பெருவிரலைப் பார்த்தேன். மகள் கவனித்துவிட்டாள். நாளைக்குப் பாட்டியின் கைக்கு முன்னால் ஒரு அட்டை வைக்கப் போகிறார்களாம்.